சிஸ்டர் விட்டுவந்த கேள்வி

ஆறாம் வார்டு சிஸ்டருக்கு வரலாறு தெரியாது என்று யாராவது சொன்னால், சொன்னவன் நாக்கு அழுகிப்போகும். பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடியே பாதி உலகத்தின் கதையைப் படித்து முடித்தவள் அவள். எந்தப் போர் எந்த மாதம் தொடங்கியது, எந்த ஒப்பந்தத்தில் யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அப்படிப்பட்டவள் அந்தக் கடைசி வரலாற்றுத் தாளில் மட்டும் இரண்டு முறை மண்ணைக் கவ்வினாள். மூன்று மணி நேரத்தில் நான்கு கட்டுரை எழுத வேண்டும். அது அவளுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்.

நர்ஸுக்கு எதற்கு வரலாறு என்று கேட்பீர்கள். ஊசி போடக் கற்றுக்கொடுப்பவளுக்கு ஒரு பட்டம் வேண்டும், எந்தப் பட்டமாக இருந்தாலும் சரி என்று எவனோ ஒரு புண்ணியவான் விதி எழுதி வைத்திருக்கிறான். அவனைப் போய்க் கேளுங்கள். ஆஸ்பத்திரியை ஒட்டிய நர்சிங் பள்ளியில் பயிற்சி ஆசிரியை இடம் ஒன்று காலியாகிக் கிடந்தது. வார்டுக்கு வரும் புதுப் பெண்களுக்கு ஊசிக்கு நரம்பு பிடிக்கவும் கட்டுப் போடவும் இத்தனை வருஷமாகக் கற்றுக்கொடுத்ததே சிஸ்டர்தான். ஆனால் நாற்காலியில் உட்கார வைக்க மட்டும் காகிதம் வேண்டும். அதற்காகத்தான் தபால் வழியில் சேர்ந்தாள். பேருந்தில் படித்தால் தூக்கம் வராத பாடம் எதுவென்று பார்த்து வரலாற்றை எடுத்தாள்.

அந்த நாற்காலி அவளுக்கு ஆசைக்கு இல்லை. இடுப்புக்கு. ஆறாம் வார்டு முழுக்கப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஆட்கள். புரட்ட வேண்டும், தூக்கி உட்கார வைக்க வேண்டும், ஸ்ட்ரெச்சருக்கு மாற்ற வேண்டும். முதுகெலும்பில் ஒரு வட்டு நழுவிவிட்டது. எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், இன்னும் ஒரு வருஷம் இப்படியே தூக்கினீங்கன்னா, அப்புறம் உங்களைத் தூக்க ரெண்டு பேர் வேணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். "நான் பொத்தானை அமுக்கி ஆளைத் தூக்குறேன், நீ இடுப்பைக் குடுத்துத் தூக்குற. கூறு இருக்கா உனக்கு?" என்று வைவார். வைதுகொண்டே வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து முதுகுக்கு வைப்பார். மகள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். அதை யாரிடமிருந்து வாங்கினாள் என்று அந்த வீட்டில் இன்னும் தீர்ப்பாகவில்லை.

இரண்டாவது முறையும் தோற்ற செய்தி வந்தபோது மேட்ரன் கூப்பிட்டனுப்பினார். "அந்த இடத்தை உங்களுக்காக இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கேன். அடுத்த ரிசல்ட் வரைக்கும்தான் முடியும். அதுக்கப்புறம் என் கையில இல்ல" என்றார். தபால் கல்லூரியின் கணக்கும் அதுதான். ஒரு தாளுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் போனால் பதிவே ரத்து, மறுபடி முதல் வருஷத்திலிருந்து வர வேண்டும். சிஸ்டர் வார்டுக்குத் திரும்பி வந்து, எட்டாம் கட்டிலில் இருந்த கனத்த மனிதரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். முதுகில் சுரீரென்று இழுத்தது.

அன்று வீட்டில் மகள்தான் நோயைக் கண்டுபிடித்தாள். அம்மா பழகுவதற்காக எழுதி வைத்திருந்த கட்டுரையை எடுத்துப் படித்தாள். புரட்சிக்குக் காரணம் என்ன என்பது கேள்வி. பதில், காலையில் கூட்டம் கூடியது, பிறகு கோட்டையை நோக்கி நடந்தது, மதியம் கதவு உடைந்தது என்று பக்கம் பக்கமாகப் போனது.

"அம்மா, இது கட்டுரையா, டியூட்டி ரிப்போர்ட்டா?"

"ஏன், நடந்ததைத்தானே எழுதியிருக்கேன்."

"நடந்ததை யாரு கேட்டா? ஏன் நடந்துச்சுன்னு கேட்டிருக்கான்."

சிஸ்டருக்கு அது உறைத்தது. இத்தனை வருஷமாக அவள் கை எழுதிப் பழகியதில் 'ஏன்' என்பதற்கே இடம் கிடையாது. நோயாளி கட்டிலிலிருந்து விழுந்தார் என்றுகூட வார்டில் எழுதக் கூடாது. விழுந்ததைக் கண்ணால் பார்த்தாயா? இல்லையென்றால், தரையில் கிடக்கக் கண்டேன் என்று எழுது. பார்த்ததை எழுது, மணியை எழுது, உன் யோசனையை உன்னோடு வைத்துக்கொள். அப்படி வளர்ந்த கையிடம் போய் வாதம் செய் என்றால் அது என்ன செய்யும்? முதல் கேள்விக்கே பாதி நேரத்தைத் தின்றுவிட்டு, நான்காவது கேள்விக்கு வரும்போது மணி அடித்துவிடும். இரண்டு முறையும் அதுதான் நடந்தது.

மகள் விடவில்லை. "சரி, வார்டுல ஒருத்தருக்கு திடீர்னு முடியாமப் போகுது. டாக்டருக்கு போன் பண்றே. என்ன சொல்லுவே?"

"மூச்சுத் திணறுது, உடனே வாங்கன்னு சொல்லுவேன்."

"சாயங்காலம் என்ன சாப்பிட்டாருன்னு ஆரம்பிக்க மாட்டியா?"

"ஆரம்பிச்சா அந்த மனுஷன் போனை வச்சிட்டுப் போயிடுவார்."

"பேப்பர் திருத்துறவரும் அப்படித்தான். முதல் வரியில விஷயத்தைச் சொல்லிடு. அப்புறம் நிரூபி. எங்க கணக்குல பண்ற மாதிரி."

அவ்வளவுதான், சிஸ்டருக்குப் பூட்டு திறந்துகொண்டது. அடுத்த சில மாதங்கள் சாப்பாட்டு மேஜை தேர்வுக் கூடமாயிற்று. மகள் கைபேசியில் நேரம் வைப்பாள். கேள்வியைக் கொடுப்பாள். அலாரம் அடித்தால் பாதி வாக்கியத்தில் பேனாவைப் பிடுங்குவாள். "கொலைகாரி, அந்த ஒரு வரியையாவது முடிக்க விடுடி" என்று சிஸ்டர் கெஞ்சுவாள். "பாதியில நிக்கிற லிஃப்டைக்கூட இறக்கிடலாம். உங்க அம்மாவை நிறுத்துறதுதான் கஷ்டம்" என்பார் வீட்டுக்காரர். ஆனாலும் கட்டுரைகள் சிறுத்தன. முதல் வரி நேராக வந்தது. இன்னொரு பாடமும் மகள் சொல்லிவைத்தாள்: "உனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வியைக் கடைசியில எழுது. முதல்ல எழுதினா அதுலயே மூழ்கிடுவே." சிஸ்டர் அதையும் ஒப்புக்கொண்டாள்.

தேர்வு அன்று ஒரு கல்லூரியின் நீண்ட கூடத்தில் இடம் போட்டிருந்தார்கள். ஆடும் பெஞ்சு, சுவரில் ஒரு பெரிய கடிகாரம், ஜன்னலுக்கு வெளியே யாரோ தண்ணீர் பிடிக்கும் சத்தம். சிஸ்டருக்கு முன்னால் தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். பின்னால் கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வந்த ஒரு பெண், நிமிடத்துக்கு ஒரு தரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஆயிரம் முறை படித்த அலுப்போடு விதிகளைப் படித்தார். விடைத்தாளின் உள்ளே பெயர், கையெழுத்து, ஊர், சாமி பெயர், வேறெந்த அடையாளமும் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் செல்லாது. சிஸ்டர் எல்லோரையும் போலத் தலையை ஆட்டினாள்.

வினாத்தாளைத் திருப்பினாள். எட்டுக் கேள்வி, நான்குக்கு எழுத வேண்டும். கண் கீழே ஓடி ஆறாவது கேள்வியில் நின்றது. கொள்ளைநோய் ஐரோப்பாவில் பாதிப் பேரைக் கொண்டுபோன பிறகு பண்ணை அடிமை முறை ஏன் தளர்ந்தது? சிஸ்டருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நோயும் தெரியும், வேலையாள் பாடும் தெரியும். அவளுக்கென்றே எழுதி அனுப்பிய கேள்வி போல இருந்தது. கை பரபரத்தது. பதறாத காரியம் சிதறாது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, அதைக் கடைசிக்கு ஒதுக்கினாள்.

முதலில் ரொட்டி விலையும் பிரெஞ்சுப் புரட்சியும். பசி கூட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது, தெருவுக்கு வந்தவர்கள் என்ன கேட்க வேண்டும் என்பதை அநியாய வரி சொல்லிக்கொடுத்தது என்று முதல் வரியிலேயே அடித்தாள். இரண்டாவது, ஆலைகள் பெண்களுக்கு விடுதலை தந்தனவா. மூன்றாவது, முதல் உலகப் போரைத் தவிர்த்திருக்க முடியுமா. பேனா ஓடியது. நடுவில் ஒரு ஆண்டு தப்பாக விழுந்தது, திருத்தினாள். ஒரு நாட்டின் பெயர் மாறிவிட்டது, திருத்தினாள். நிற்கவில்லை. மூன்றாவது கட்டுரையின் கடைசி வரியை முடித்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஐம்பத்தைந்து நிமிஷம் முழுசாகக் கையில் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நேரம் மிச்சம். கொள்ளைநோய்க்கு ராஜபோகமாக ஐம்பத்தைந்து நிமிஷம்.

கேள்வி எண்களை ஓரத்தில் சரியாகப் போட்டிருக்கிறோமா என்று பார்க்க முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். அப்போதுதான் கண்ணில் பட்டது.

தப்பாக எழுதிய ஆண்டின் குறுக்கே ஒற்றைக் கோடு. மேலே சரியான ஆண்டு. பக்கத்தில், பொடியாக, வளைந்து நெளிந்து, அவளுடைய சுருக்கொப்பம்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். அங்கேயும் ஒன்று. ஆலைப் பெண்கள் கட்டுரையில் இரண்டு. போர் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே ஒன்று. வார்டில் அதுதான் சட்டம். எழுதியதில் பிழை வந்தால் ஒரே கோடு போடு, பழையது படிக்கும்படி இருக்கட்டும், மேலே சரியானதை எழுது, பக்கத்தில் உன் இனிஷியலைப் போடு. திருத்தியது யார் என்று தெரிய வேண்டும். புதுப் பெண்கள் மறந்தால் கேஸ் ஷீட்டைத் தூக்கிக் காட்டித் திட்டுகிறவளே அவள்தான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். அந்தப் பாழாய்ப்போன பழக்கம் கூடவே தேர்வுக் கூடத்துக்கும் வந்து உட்கார்ந்திருக்கிறது. எழுதும்போது அவளுக்குத் தெரியவே இல்லை. பேனா தானாகப் போட்டுவிட்டது.

எந்த அடையாளமும் இருக்கக் கூடாது. இருந்தால் தாள் செல்லாது. இதுதான் கடைசி வாய்ப்பு. வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியைப் போட்டு உடைத்துவிட்டாள். இங்கே அழுது என்ன ஆகப்போகிறது என்று கையைத் தூக்கினாள்.

கண்காணிப்பாளர் வந்து குனிந்தார். "கூடுதல் தாளா?"

"இல்ல சார். ஒரு தப்பு பண்ணிட்டேன்." பக்கத்தைத் திருப்பி விரலால் காட்டினாள். "அடிச்ச இடத்துலெல்லாம் இனிஷியல் போட்டிருக்கேன். நான் நர்ஸு சார். கைப்பழக்கம்."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் இன்னும் கூடியது.

"விதிப்படி பார்த்தா செல்லாதுதாம்மா."

"வேற வழி இல்லையா?"

"புது விடைத்தாள் வேணும்னா தரலாம். ஆனா இதை முழுசா ரத்து பண்ணிட்டுத்தான் தருவேன். எழுதின அத்தனையும் போச்சு." கடிகாரத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. அந்தக் கிறுக்கல் மேல நல்லா கறுப்பா தேய்ச்சு விட்டுடுங்க. யாரு பார்க்கப் போறா? நான் பார்க்கல. நீங்க மிச்சக் கேள்வியை எழுதுங்க."

நல்ல மனுஷர். உண்மையாகவே அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். சிஸ்டரும் பேனாவை அந்த எழுத்தின் மேல் கொண்டுபோய்விட்டாள். கை அங்கேயே நின்றது. அவள் கண்முன் ஒரு கறுப்புத் திட்டு வந்தது. சில வருஷங்களுக்கு முன் வார்டில் வேலை பார்த்த ஒரு சின்னப் பெண், மருந்தின் அளவைத் தப்பாக எழுதிவிட்டு, பயத்தில் பேனாவால் தேய்த்து மறைத்தாள். கொடுத்த மருந்து சரியான அளவுதான். சிஸ்டரே சாட்சி சொன்னாள். விசாரணைக்கு வந்தவர்கள் கேஸ் ஷீட்டில் வேறு எதையுமே படிக்கவில்லை. அந்தத் திட்டையே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. இங்கே ஒன்றல்ல, ஐந்து திட்டு. திருத்துகிறவர் கண் அதைத் தாண்டிப் போகுமா? போகலாம். போகாமலும் இருக்கலாம். முடிவு வரும்வரை அந்த 'லாம்' அவளைத் தூங்க விடாது.

"சார், புதுத் தாள் குடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா. ரெண்டு மணி நேரம் எழுதியிருக்கீங்க."

"யோசிச்சா இன்னும் ரெண்டு நிமிஷம் போயிடும் சார். குடுங்க."

அவர் பெருமூச்சு விட்டார். பழைய விடைத்தாளின் மேல் சிவப்புப் பேனாவால் குறுக்கே கோடு இழுத்து, ரத்து என்று எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கையெழுத்துக்கு எந்தத் தடையும் இல்லை. சிஸ்டர் புதுத் தாளின் முகப்பில் பதிவெண்ணை எழுதினாள். மணி பார்த்தாள். ஐம்பது நிமிஷம்கூட இல்லை.

இப்போது கணக்குப் போட வேண்டும். மகள் பக்கத்தில் இருந்தால் ஒரு நொடியில் போட்டிருப்பாள். நான்கையும் எழுதினால் ஒவ்வொன்றும் நொண்டும். மூன்று எழுதினால் ஒன்றுக்குப் பதினைந்து நிமிஷம் சொச்சம் வரும். நூற்றுக்கு நாற்பது எடுத்தால் தேறலாம். ஒரு கேள்விக்கு இருபத்தைந்து. மூன்றிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே எடுத்தால் கரையேறிவிடலாம். எந்த மூன்று? அவளுக்குத் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டே வினாத்தாளை இன்னொரு முறை பார்த்தாள். ரொட்டி, ஆலை, போர் மூன்றும் சற்று முன்தான் எழுதியவை, சூடு ஆறவில்லை. ஆறாவது கேள்வியைத் தொட்டால் விட மாட்டாள், அதிலேயே முக்குளித்துவிடுவாள். சொல்ல அவளுக்கு அவ்வளவு இருந்தது.

"வர மாட்டேன், போ" என்று அந்தக் கேள்விக்கு மனசுக்குள் சொல்லிவிட்டு, வினாத்தாளைக் கவிழ்த்து வைத்தாள். பெற்ற பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தியது போல இருந்தது அவளுக்கு.

பிறகு எழுதினாள் பாருங்கள், அப்படி ஒரு எழுத்தை அந்தக் கை அதற்கு முன் எழுதியதில்லை. நான்கு பக்கம் போன ரொட்டிக் கட்டுரை ஒன்றரைப் பக்கத்தில் நின்றது. டாக்டர் போனை வைத்துவிடப் போகிறார் என்ற நினைப்போடு ஒவ்வொரு வரியையும் எழுதினாள். விஷயம், காரணம், ஒரு சான்று, அடுத்தது. அழகு பார்க்க நேரமில்லை. முதுகு கெஞ்சியது, பெஞ்சின் விளிம்பில் நகர்ந்து உட்கார்ந்து எழுதினாள். ஆலைப் பெண்கள் பாதியில் ஒரு சொல் தப்பியது. ஒரு கோடு போட்டு அடித்தாள். பேனா வழக்கம்போலப் பக்கத்தில் போய் வளைய ஆரம்பித்தது.

வெடுக்கென்று கையை இழுத்தாள். இழுத்த வேகத்தில் பேனா நழுவி, தரையில் உருண்டு, முன்னால் இருந்த தாடிக்காரர் காலடிக்குப் போய்விட்டது. வேறு பேனா பையில் இருக்கிறது, பை கூடத்துக்கு வெளியே இருக்கிறது. அவள் குனியப் பார்த்தாள். முதுகு குனிய விடவில்லை. ஒரு கணம் அப்படியே, முன்னும் போக முடியாமல் பின்னும் வர முடியாமல் மாட்டிக்கொண்டாள். தாடிக்காரர் திரும்பவில்லை, எழுதுவதை நிறுத்தவும் இல்லை. குதிகாலால் பேனாவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். அது அவள் செருப்பில் வந்து முட்டியது. செருப்பை உதறிவிட்டுக் கால்விரலால் இடுக்கித் தூக்கி எடுத்தாள். பக்கத்தைப் பார்த்தாள். அடித்த சொல்லுக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி மட்டும் விழுந்திருந்தது. புள்ளிக்கு ஊரும் இல்லை பேரும் இல்லை என்று மேலே போனாள். அதற்கப்புறம் எங்கே அடித்தாலும், அடித்த உடனே பேனாவைத் தாளிலிருந்து தூக்கினாள்.

போர் கட்டுரைக்கு வரும்போது பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது. "பத்து நிமிஷம்" என்று கண்காணிப்பாளர் குரல் கொடுத்தபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்கிற நிலை. ஆனால் கை ஓடியது. தவிர்த்திருக்கலாம், தவிர்க்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை, அவசரமெல்லாம் படையைத் திரட்டுவதில்தான் இருந்தது என்று தொடங்கினாள். பின்னால் இருந்த கைக்குழந்தைக்காரப் பெண் தாளைக் கொடுத்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. மணி அடித்தது. சிஸ்டர் கடைசி வாக்கியத்தின் வினைச்சொல்லை எழுதிக்கொண்டிருந்தாள். கண்காணிப்பாளர் மூன்று பெஞ்சு தள்ளி இருந்தார். அங்கிருந்து வேண்டுமென்றே மெதுவாக வந்தார் என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள். அவர் கை நீட்டியபோது முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள்.

வெளியே மகள் மரத்தடியில் நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பையை வாங்கிக்கொண்டாள். நடந்ததைப் பேருந்தில் சிஸ்டரே சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே வந்து, "அப்ப மூணுதான் எழுதினியா?" என்றாள். "மூணுதான்."

முடிவு வரும்வரை சிஸ்டர் ஆட்களைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். மேட்ரன் இரண்டு முறை எதிரில் வந்தார். இரண்டு முறையும் ஒன்றும் கேட்காமல் தாண்டிப் போனார். கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. வீட்டில் வீட்டுக்காரர் தாமாகவே ஒரு இடுப்புப் பட்டை வாங்கிவந்து கட்டிலில் வைத்தார். தோற்றாலும் தாங்க வேண்டுமே என்று அவர் முன்கூட்டியே யோசித்துவிட்டது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் அவர் மேல் கோபம் கோபமாக வந்தது, பட்டையை எடுத்துப் பீரோவுக்குள் போட்டாள்.

முடிவு ஒரு சாயங்காலம் வெளியானது. மகள் கைபேசியை வைத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தாள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "அதுக்கும் வட்டு நழுவிடுச்சு போல" என்றார் வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. பிறகு பக்கம் திறந்தது. மகள் பதிவெண்ணை அடித்தாள். பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள்.

"சொல்லித் தொலையேண்டி."

"நாப்பத்திரெண்டு."

"பாஸுக்கு எவ்வளவு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார்.

"நாப்பது."

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "ரெண்டு மார்க்கை அநியாயமா வீணாக்கிட்டியே" என்றார். மகள் குபீரென்று சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விசித்து விசித்து அழ ஆரம்பித்தாள்.

"அம்மா, அதான் பாஸாயிட்டியே. இனிமே யாரையும் தூக்க வேணாம். எதுக்கு அழறே?"

"அதுக்கு அழலடி. அந்த ஆறாவது கேள்வி. அது எனக்குத் தெரியும். மத்ததெல்லாம் படிச்சு எழுதினது, அது எனக்குத் தெரியும். அது என்னைத் தேடி வந்துச்சு, நான் கவுத்து வச்சிட்டு வந்துட்டேன்."

வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். மகள் கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன எழுதியிருப்பே? சொல்லு."

"இப்ப எதுக்கு. யாரு மார்க் போடப் போறா?"

"சொல்லும்மா."

சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அடிமை முறையை உடைச்சது சாவு இல்ல. சாவு எத்தனையோ தடவை வந்திருக்கு. அந்தத் தடவை, செத்தவங்க போக மிச்சம் இருந்தவங்க, 'பழைய கூலிக்கு இனிமே வர மாட்டோம்'னு சொன்னாங்க. சொல்றதுக்கு அவங்களுக்கு அப்பத்தான் தெம்பு வந்துச்சு, ஏன்னா வேற ஆள் இல்ல. பண்ணைக்காரங்க கூலியை ஏத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டுப் பார்த்தாங்க. சட்டத்தைப் படிச்சுக் காட்டலாம், வயலுக்கு ஆளு வேணுமே. எங்க ஆஸ்பத்திரியில காய்ச்சல் வந்து பாதி நர்ஸுங்க படுத்தப்போ என்ன நடந்துச்சு? அதுவரைக்கும் என் பேர்கூடத் தெரியாத நிர்வாகி, 'சிஸ்டர், நாளைக்கு வந்துடுவீங்கல்ல?'ன்னு வாசல் வரைக்கும் வந்து கேட்டார். நான் வந்துடறேன்னு சொல்லிட்டேன். அந்தப் பண்ணையாளுங்க வர மாட்டோம்னு சொன்னாங்க. அதுதான் வித்தியாசம். அதைத்தான் நான் எழுதியிருப்பேன்."

அவள் அவர்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு, இன்னும் முடியவில்லை என்பது போல ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, இரண்டாவது காரணத்துக்குப் போனாள்.